யார் கேட்டது? பணி விவரத்துக்கு வெளியே செய்யும் வேலையின் கணக்கு

சிங்கப்பூரில் வேலையில் சேரும் ஒருவருக்குக் கிடைக்கும் நியமனக் கடிதத்தில், பொறுப்புகளின் பட்டியல் முடியும் இடத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "நிறுவனம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகளையும் செய்ய வேண்டும்." கையெழுத்துப் போடும்போது அந்த வரியை யாரும் நின்று படிப்பதில்லை. ஆண்டு முடிவில் மதிப்பீட்டுப் படிவம் வந்து, அதில் "தன்முனைப்போடு செயல்பட்டாரா?" என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்க்கும்போதுதான், கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தது போதவில்லையா என்ற ஐயம் எழுகிறது.

இந்த ஐயத்துக்குள் மூன்று கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. பட்டியலில் இல்லாததைச் செய்ய ஊழியர் கடமைப்பட்டவரா? செய்தால் அதற்குக் கூலி உண்டா? செய்வதற்கு அவருக்கு அனுமதி இருக்கிறதா? முதல் இரண்டையும் எல்லாரும் கேட்கிறார்கள். மூன்றாவதை ஏறத்தாழ யாருமே கேட்பதில்லை. இங்குள்ள தமிழர்களில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு மிகுந்த ஆபத்தைக் கொண்டுவரக்கூடியது அந்த மூன்றாவது கேள்விதான்.

1. பணி விவரம் ஏன் முழுமையடைவதில்லை

2016 ஏப்ரல் 1 முதல், வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு முக்கிய வேலை நியமன விதிமுறைகளை முதலாளி எழுத்து வடிவில் தர வேண்டும். 14 நாள்களோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தும்; வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் தாள் கைக்கு வந்துவிட வேண்டும். பதவிப் பெயர், முக்கியப் பொறுப்புகள், வேலை நேரம், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், ஓவர்டைம் விகிதம், விடுப்பு ஆகியவை அதில் இருக்கும். இங்கே கவனிக்க வேண்டிய சொல் "முக்கியப்" பொறுப்புகள். எல்லாப் பொறுப்புகளையும் எழுதும்படி சட்டமே கேட்கவில்லை.

கேட்டாலும் எழுத முடியாது. நாளை எந்த வாடிக்கையாளர் என்ன கேட்பார், எந்த இயந்திரம் எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்து எழுதப்படும் ஒப்பந்தம் உலகில் கிடையாது. பொருளியலில் இதற்கு "முழுமையற்ற ஒப்பந்தம்" என்று பெயர். இதை ஆராய்ந்த ஆலிவர் ஹார்ட், ஒப்பந்தக் கோட்பாட்டுக்காக பெங்க்ட் ஹோம்ஸ்ட்ரோமுடன் 2016இல் பொருளியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட இடத்தில் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அவருடைய ஆய்வின் மையக் கேள்வி. அதற்கும் வெகுமுன்பே, 1964இல், டேனியல் காட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், பட்டியலிட்ட கடமைகளை மட்டுமே நம்பியிருக்கும் நிறுவனம் எளிதில் நொறுங்கிவிடும் என்று எழுதியிருந்தார்.

இதற்கு ஆய்வகச் சான்று தேவையில்லை. தொழிற்சங்கங்கள் பல நாடுகளில் நடத்தும் "விதிப்படி வேலை" போராட்டத்தை நினைத்துப் பார்த்தால் போதும். வேலையை நிறுத்துவதில்லை, யாரும் வெளியே வருவதில்லை. விதிப் புத்தகத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து செய்கிறார்கள், அவ்வளவுதான். விரைவிலேயே வேலைகள் தேங்கத் தொடங்கிவிடுகின்றன.

ஆகவே "பிற பணிகள்" என்ற வரி ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. இந்த இடைவெளியை அடைக்க அப்படி ஒரு வரி தேவைதான். ஆனால் அதற்குச் சட்டத்தைத் தாண்டும் வலிமை கிடையாது. வேலை நியமனச் சட்டம் தருவதைவிடக் குறைவான நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த அளவுக்கு அந்த நிபந்தனை செல்லாது. "பிற பணிகள்" என்று எழுதி வைத்துக்கொண்டு ஓவர்டைம் இல்லாமல் வேலை வாங்க முடியாது. அனுமதிச் சீட்டில் இல்லாத தொழிலையும் கொடுக்க முடியாது.

2. ஒரே பெயரில் உலவும் நான்கு செயல்கள்

அலுவலகப் பேச்சில் "முன்வந்து செய்தார்" என்ற ஒரே பாராட்டு, வெவ்வேறான நான்கு செயல்களுக்கு வழங்குகிறது. குழப்பத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

1) தன்முனைப்பு: யாரும் சொல்லாமல் ஒரு குறையைக் கண்டு, அதைத் தீர்க்க ஊழியர் தாமாகவே எடுத்து வைக்கும் முதல் அடி. மேலாண்மை ஆய்வாளர் டென்னிஸ் ஆர்கனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் "நிறுவனக் குடிமை நடத்தை" என்று பெயரிட்ட பெரிய வகைக்குள் இது அடங்கும்.

2) கூடுதல் பணி: மேலாளர் கேட்டு, பட்டியலுக்கு வெளியே செய்வது.

3) கட்டாயத் தன்னார்வம்: வாயால் யாரும் கட்டளையிடுவதில்லை; ஆனால் செய்யாவிட்டால் முகம் மாறும், மதிப்பீட்டில் புள்ளி குறையும். இஸ்ரேலிய ஆய்வாளர் எரான் விகோடா-கடோட் 2006இல் இதைத் தனி வகையாகப் பிரித்து எழுதினார்.

4) அதிகார மீறல்: நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், தமக்கு அனுமதியில்லாத ஒன்றைச் செய்வது.

நான்கையும் பிரிக்கும் கோடு செயலில் இல்லை. ஒரே செயல் திங்கட்கிழமை முதல் வகையாகவும் மூன்று மாதம் கழித்து மூன்றாம் வகையாகவும் இருக்கலாம்.

3. தன்முனைப்பு கடமையாக மாறும் கணம்

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே மாதம் 2,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அடிப்படைச் சம்பளத்தில் ஓர் எழுத்தர். வரும் டெலிவரி ஆர்டர்களைக் கணினியில் பதிவது அவருடைய வேலை. லாரிகளோடு வெளியே போகும், சரக்கை அடுக்கும் மரத் தட்டுகளான பாலெட்டுகள் முழுவதும் திரும்பி வருவதில்லை என்பதையும், வாடகைக்கு எடுத்த அந்தப் பாலெட்டுகளுக்காக மாதந்தோறும் நிறுவனம் தண்டம் கட்டுகிறது என்பதையும் அவர் கவனிக்கிறார். ஒரு கோப்பைத் திறக்கிறார். லாரி எண், போன பாலெட், வந்த பாலெட், ஓட்டுநர் கையொப்பம் என்று நான்கு பத்தி. ஐந்தரை மணிக்கு லாரிகள் திரும்பும்போது முன்வாசலுக்குப் போய், எண்ணிக் குறித்துக்கொண்டு வருகிறார். தண்டம் குறைகிறது. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டுகிறார். இதுவரை நடந்தது மாசற்ற தன்முனைப்பு.

இரண்டாம் மாதம் போக்குவரத்துப் பிரிவு அந்தக் கோப்பின் பிரதியை வாரந்தோறும் அனுப்பச் சொல்கிறது. மூன்றாம் மாதம் கணக்குப் பிரிவு, அதை வைத்துத்தான் வாடகைப் பட்டியலைச் சரிபார்க்கிறது. நான்காம் மாதம் எழுத்தர் இரண்டு நாள் விடுப்பில் ஊருக்குப் போகிறார். சாங்கி விமான நிலையத்தில் பைகளை ஒப்படைத்துவிட்டு நிற்கும்போது கைப்பேசி அடிக்கிறது.

"அக்கா, பாலெட் லிஸ்ட் இன்னும் வரலையே. யார்கிட்ட கேக்கிறது?"

அந்தக் கேள்வி வரும்போது மாற்றம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அது எப்போது நடந்தது என்று தேடினால், மற்றவர்களுடைய வேலை இவருடைய கோப்பைச் சார்ந்து நிற்கத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் போய் நிற்கும். அன்று முதல் அது கடமை. ஆனால் பணி விவரத்தில் ஏறவில்லை, நேரக் கணக்கில் ஏறவில்லை, விடுப்பில் போனால் யார் பார்ப்பது என்ற ஏற்பாடும் இல்லை. பதவி உயர்வுக்கு அவர் இதைச் சுட்டிக்காட்டினால், "அது நீங்கள் எப்போதும் செய்வதுதானே" என்ற பதில் வர நிறைய வாய்ப்புண்டு. மேலாளர் கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. நான்கு மாதப் பழக்கத்தில் அது புதிய வேலை என்பதே அவர் கண்ணிலிருந்து மறைந்துபோயிருக்கும்.

4. நேரமும் கூலியும்

வேலை நியமனச் சட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர்கள், நிர்வாகிகள் உள்ளிட்ட ஏறத்தாழ எல்லா ஊழியர்களையும் உள்ளடக்குகிறது; வீட்டுப் பணிப்பெண்கள், கடலோடிகள், அரசாங்க ஊழியர்கள் ஆகியோர் விலக்கு. ஆனால் வேலை நேரம், ஓய்வுநாள், ஓவர்டைம் ஆகியவற்றைப் பற்றிய நான்காம் பகுதி எல்லாருக்கும் பொருந்தாது. உடலுழைப்புத் தொழிலாளர் என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரையிலும், மற்றவர்கள் என்றால் 2,600 வெள்ளி வரையிலும் அதன்கீழ் வருவார்கள். மேலாளர், நிர்வாகி நிலையில் உள்ளவர்கள் வரமாட்டார்கள். இங்கே பதவிப் பெயரைவிடச் செய்யும் வேலையே முக்கியம். பெயர் அட்டையில் "எக்ஸிகியூட்டிவ்" என்று அச்சிட்டுவிட்டு நாள் முழுக்கத் தரவு பதியச் சொல்லும் வழக்கம் இங்கே பெருகியிருப்பதால், இதை ஊழியர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நான்காம் பகுதியின்கீழ் வருவோருக்கு, வாரம் 44 மணி நேரம் என்ற பொதுவான வரம்பைத் தாண்டி முதலாளியின் வேண்டுகோளின்பேரில் செய்யும் வேலைக்கு, ஒரு மணி நேர அடிப்படைச் சம்பளத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது. துவாஸ் எழுத்தரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவர் ஒப்பந்தப்படி வாரம் 44 மணி நேரம் வேலை செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரச் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரங்களையும் 44 மணி நேரத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் கிடைப்பது: 26,400ஐ 2,288ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.54 வெள்ளி. ஒன்றரை மடங்கு 17.31 வெள்ளி. பாலெட் எண்ணுவதற்காக நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக, மாதம் 22 நாள் என்றால் ஏறத்தாழ 380 வெள்ளி. அவருடைய சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம்.

இந்தத் தொகை அவருக்குச் சேர வேண்டியதா என்பது, "முதலாளியின் வேண்டுகோளின்பேரில்" என்ற சொற்றொடரில் போய்த் தொங்குகிறது. யாரும் கேட்காமல் தாமாகவே வாசலில் நின்று எண்ணினார் என்று நிறுவனம் சொல்லலாம். ஓய்வுநாள் விதியில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஓய்வுநாளில் வழக்கமான வேலை நேரத்தின் பாதிக்கு மேல் ஒருவர் வேலை செய்கிறார். முதலாளி கேட்டுக்கொண்டதால் செய்தால் இரண்டு நாள் சம்பளம். ஊழியரே கேட்டுச் செய்தால் ஒரு நாள் சம்பளம். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே வேலை, அதே மணி நேரம். யார் கேட்டது என்ற ஒன்றால் விலை பாதியாகிறது.

தன்முனைப்பைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. முன்வந்து செய்யுங்கள் என்கின்றன. எந்தக் கட்டத்தில் அதை முதலாளியின் வேண்டுகோளாக மாற்றி எழுத வேண்டும் என்று சொல்வதில்லை. துவாஸ் எழுத்தர், போக்குவரத்துப் பிரிவு வாராந்தரப் பிரதி கேட்ட அன்றே மேலாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதியிருந்தால் நிலைமை வேறு: "வாரந்தோறும் பாலெட் பட்டியல் அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள். இதற்கு நாள்தோறும் ஐந்தரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆகிறது. தொடரட்டுமா?" மேலாளர் "தொடருங்கள்" என்று பதில் எழுதினால் அந்த ஒரு சொல்லே வேண்டுகோள். "வேண்டாம், வேலை நேரத்துக்குள் முடியுங்கள்" என்றால், எந்த வேலையைக் குறைப்பது என்பது அவர் பதில் சொல்ல வேண்டிய அடுத்த கேள்வி.

நான்காம் பகுதிக்கு வெளியே இருக்கும் மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய ஓவர்டைம் கிடையாது. அவர்கள் கேட்டு வாங்கக்கூடியவை பதவிப் பெயர், போனஸ், நேரம் ஆகியவைதான்.

5. அனுமதிச் சீட்டில் எழுதியிருக்கும் தொழில்

வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவருக்கு, பணி விவரம் என்பது முதலாளிக்கும் அவருக்கும் இடையிலான தாள் மட்டுமன்று. ஊரிலிருந்து புறப்படும் முன்பே வரும் ஐபிஏ கடிதத்தில் (கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம்) முதலாளியின் பெயர், தொழில், அடிப்படைச் சம்பளம், பிடித்தங்கள் எல்லாம் இருக்கும். அந்த முதலாளிக்காக, அந்தத் தொழிலில் மட்டுமே வேலை செய்யலாம் என்பது சீட்டின் நிபந்தனை. இந்த எல்லையை முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ள முடியாது. மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும்.

நடைமுறையில் இது மீறப்படும் விதம் மிகச் சாதாரணமானது. சனிக்கிழமை இரவு சூப்பர்வைசர் விடுதிக்குக் கூப்பிடுகிறார்: "தம்பி, நாளைக்கு ஃப்ரீதானே? பாஸோட அண்ணன் கடையில கொஞ்சம் பெயின்ட் வேலை இருக்கு. நம்மாளுங்க ரெண்டு பேர் போயிட்டு வாங்க." தொழிலாளி "சரிண்ணே" என்கிறார். அவரைப் பொறுத்தவரை அது உதவி, விசுவாசம், அடுத்த முறை சீட்டைப் புதுப்பிக்கும்போது நினைவில் இருக்கட்டும் என்ற கணக்கு. சட்டத்தின் பார்வையில் பாஸின் அண்ணன் வேறொரு முதலாளி. பாஸே நடத்தும் இரண்டாவது நிறுவனம் கூட வேறு முதலாளிதான். பதிவு எண் வேறு. செல்லத்தக்க அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வீட்டுப் பணிப்பெண்களுக்கும் இதே கதைதான்: பதிவான முகவரியில் வீட்டு வேலை மட்டும். முதலாளியம்மாவின் தங்கை வீட்டைத் துடைப்பதும், குடும்பத்தின் கடையில் கல்லாவில் உட்காருவதும் உதவியாகத் தோன்றினாலும் மீறல்.

அப்படியானால் அனுமதிச் சீட்டில் இருப்பவர் முன்னேற வழி என்ன? வழி இருக்கிறது, அது எழுத்தில் இருக்கும் வழி. கட்டுமானத் துறையில் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்கும் தேர்வுகளில் தேறி, ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்பிரிவுகளில் தகுதி பெற்று, உயர்திறன் நிலைக்குப் போகலாம். 2024 ஜனவரி முதல், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை, அடிப்படைத் திறன் நிலையில் 900 வெள்ளி, உயர்திறன் நிலையில் 500 வெள்ளி. தொழிலாளி உயர்திறன் நிலைக்குப் போவதால் முதலாளிக்கு மாதந்தோறும் 400 வெள்ளி மிச்சம். சம்பள உயர்வு பேசும்போது "எல்லா வேலையும் பாக்குறேன் சார்" என்று சொல்வதைவிட இந்த 400ஐச் சொல்வதற்கு எடை அதிகம். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு என்பது வருத்தமான உண்மை.

எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளர்களுக்கானது), எம்பிளாய்மென்ட் பாஸ் (உயர்நிலைப் பணியாளர்களுக்கானது) வைத்திருப்போருக்கும் விண்ணப்பத்தில் சொன்ன முதலாளியும் வேலையும்தான் எல்லை. பதவி உயர்ந்து வேலையின் தன்மையே மாறினால், அது சீட்டின் நிபந்தனைக்குள் வருகிறதா என்று மனிதவளப் பிரிவிடம் முதலில் கேட்டுவிட வேண்டும்.

6. கையால் செய்வதும் வாயால் சொல்வதும்

சில இடங்களில், தானே இறங்கிச் செய்வது தவறு; கண்டதைச் சொல்வதுதான் சரியான தன்முனைப்பு. வேலையிடப் பாதுகாப்பு அதில் முதன்மையானது. ஃபோர்க்லிஃப்ட் (சரக்கு தூக்கும் வண்டி) ஓட்டுநர் எம்சியில், அதாவது மருத்துவ விடுப்பில் இருக்கிறார், லாரி வாசலில் காத்திருக்கிறது, "எனக்கு ஓட்டத் தெரியும்" என்று பொட்டலம் கட்டுபவர் சாவியை எடுக்கிறார். அவருக்கு ஓட்டத் தெரிந்தும் இருக்கலாம். ஆனால் உரிய பயிற்சி பெற்றவர்தான் அதை இயக்க வேண்டும். சாரத்தில் ஒரு பலகை தளர்ந்திருப்பதைப் பார்க்கும் பூச்சுத் தொழிலாளிக்கும் இதே விதிதான். பயிற்சி பெற்ற சாரம் கட்டுபவர்தான் அதில் கைவைக்கலாம். பார்த்தவர் செய்ய வேண்டியது, அந்த இடத்துக்கு யாரும் போகாமல் தடுத்து, சூப்பர்வைசரைக் கூப்பிடுவது. அவசரமாகத் தானே கம்பியைச் சுற்றிக் கட்டிவிட்டு இறங்குபவர் அடுத்தவர் உயிரோடு விளையாடுகிறார்.

தரவு விஷயத்திலும் அப்படியே. வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண் பட்டியலை வீட்டில் வைத்து ஒழுங்குபடுத்தலாம் என்று சொந்தக் கைப்பேசிக்கு அனுப்பிக்கொள்வதோ, வேகமாக முடிப்பதற்காக அதை ஏதாவதொரு செயற்கை நுண்ணறிவுத் தளத்தில் ஏற்றுவதோ, 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நிறுவனத்தையே சிக்கலில் மாட்டிவிடலாம். ஊழியர் வேலையின்போது செய்வதற்கு நிறுவனம் பொறுப்பேற்க நேரும்.

7. பலன் யாருக்குப் போகிறது

முன்வந்து செய்பவர்களே உயர்கிறார்கள் என்பது பரவலான நம்பிக்கை. அது ஓரளவுக்குத்தான் உண்மை, ஏனெனில் எல்லாக் கூடுதல் வேலையும் ஒரே மதிப்புடையதன்று. வருமானத்தைக் கூட்டும் வேலை உண்டு. அலுவலகம் ஓட உதவும், ஆனால் யாருடைய கணக்கிலும் ஏறாத வேலையும் உண்டு. கூட்டக் குறிப்பு எழுதுவது, பிறந்தநாள் கேக் வாங்குவது, புதியவருக்கு அச்சு இயந்திரத்தைக் காட்டிக் கொடுப்பது இரண்டாம் வகை. லிண்டா பாப்காக்கும் மற்ற மூன்று ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பதவி உயர்வுக்கு உதவாத இத்தகைய பணிகளுக்கு ஆண்களைவிடப் பெண்களே அதிகம் முன்வருகிறார்கள் என்று காட்டியது. பெண்கள் இயல்பிலேயே உதவும் குணம் கொண்டவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லிவிட முடியாதபடி இன்னொரு முடிவும் அதில் இருந்தது: குழுவில் பெண்கள் மட்டும், அல்லது ஆண்கள் மட்டும் இருந்தபோது இருபாலாரும் முன்வரும் அளவில் வேறுபாடு இல்லை. கலந்திருக்கும்போது, பெண்தான் செய்வார் என்று எல்லாருமே எதிர்பார்க்கிறார்கள். கேட்பவர்களும் அவர்களையே அதிகம் கேட்கிறார்கள்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் பழக்கமானது. நிறுவனத்தில் தமிழ் பேசும் ஒரே அலுவலகப் பணியாளராக இருப்பவர், கேட்காமலேயே மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறார். காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் பொறியாளர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்வார். மருத்துவமனைக்குப் போகும் தொழிலாளியோடு தொலைபேசியில் இருப்பார். சம்பளப் பிடித்தம் புரியாமல் வருபவருக்கு உட்கார்ந்து விளக்குவார். தீபாவளி மதிய உணவை ஏற்பாடு செய்வதும் அவர்தான். இவற்றில் முதல் மூன்றும் நிறுவனம் இயங்குவதற்கு அத்தியாவசியமானவை. "ஹார்னஸைக் (பாதுகாப்பு வாரை) கொக்கியில் மாட்டாமல் ஏறாதீர்கள்" என்பதைத் தவறாக மொழிபெயர்த்தால் விளைவு என்னவென்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் அது அவருடைய பணி விவரத்தில் ஒரு வரியாக இருப்பது அரிது. தீபாவளி விருந்தை அன்பினால் செய்யலாம். உயிர் சம்பந்தப்பட்ட மொழிபெயர்ப்பை அன்பின் கணக்கில் வைப்பது நிறுவனத்துக்கும் நல்லதல்ல.

கணக்கில் ஏறாத வேலை ஏன் புறக்கணிக்கப்படுகிறது என்பதற்கு ஹோம்ஸ்ட்ரோமும் பால் மில்கிரோமும் 1991இல் விடை தந்தார்கள். அளக்கக்கூடிய வேலைக்கு மட்டும் வலுவான வெகுமதி கொடுத்தால், அளக்க முடியாத வேலையிலிருந்து உழைப்பு வடிந்து போய்விடும். விற்பனை எண்ணிக்கையை மட்டும் பார்த்து போனஸ் கொடுக்கும் மேலாளர், "ஏன் யாரும் முன்வருவதில்லை?" என்று கேட்பதில் பொருளில்லை.

தன்முனைப்பை ஊழியரின் குணத்துக்கு விட்டுவிடாமல் ஓர் ஏற்பாடாகவே நடத்திய வரலாறு இந்த ஊருக்கு உண்டு. அரசாங்கச் சேவையில் பணி மேம்பாட்டுக் குழுக்கள் 1981இல் வந்தன. டீமி என்ற தேனீ 1982இல் உற்பத்தித்திறன் இயக்கத்தின் சின்னமாயிற்று. 1995இல் அரசாங்கச் சேவையை 21ஆம் நூற்றாண்டுக்குத் தயார்படுத்தும் பிஎஸ்21 திட்டம் தொடங்கப்பட்டது. தேனீயைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் யோசனைக்கு ஒரு படிவம், ஒரு குழு, ஒரு பதிவு என்ற அந்த அமைப்பில் ஒரு நியாயம் இருந்தது: யார் சொன்னது என்பது தாளில் நின்றது.

8. செய்வதற்கு முன்பும் பின்பும்

1) இது யாருடைய வேலை என்று முதலில் கேட்பது. வேறொருவருடையதென்றால், அவரிடம் சொல்லாமல் செய்யும் உதவியை அவர் குறுக்கீடாகத்தான் எடுத்துக்கொள்வார்.

2) தவறினால் திரும்பப் பெற முடியுமா என்று பார்ப்பது. ஒரு கோப்பைத் தொடங்கிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். வாடிக்கையாளருக்கு விலைக்கழிவு தருவதாகச் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. இரண்டாவது வகைக்கு ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும்.

3) கால எல்லை வைப்பது. "ஆறு வாரம் செய்து பார்க்கிறேன், பிறகு யார் தொடர்வது என்று பேசுவோம்" என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால், விமான நிலையத் தொலைபேசி அழைப்பு வராது. நடைமுறையில் அதிகம் பயன்படுவது இதுதான், மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான்.

4) நிலைத்துவிட்ட வேலையைப் பணி விவரத்தில் ஏற்றச் சொல்வது. துப்புரவு, பாதுகாவல், நில வனப்புப் பராமரிப்பு போன்ற துறைகளில், படிப்படியான சம்பள உயர்வு முறையின்கீழ் ஒவ்வொரு படிக்கும் உரிய பொறுப்பும் குறைந்தபட்சச் சம்பளமும் எழுத்தில் இருக்கின்றன. மேற்பார்வையாளர் வேலையைச் செய்யும் துப்புரவாளர், தாம் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று அதைக் காட்டிக் கேட்கலாம். மற்றத் துறைகளில் அப்படியொரு ஏணி இல்லாததால், ஊழியரே தேதியிட்ட குறிப்புகளை வைத்திருக்க வேண்டும்: என்ன செய்தார், யார் கேட்டார், எவ்வளவு நேரம் ஆனது.

அந்தக் குறிப்புகளின் பயன், பேச்சு முறிந்துபோகும்போது தெரியும். ஓவர்டைம் உள்ளிட்ட சம்பளக் கோரிக்கைகள் முதலில் பூசல் நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியின் சமரசப் பேச்சுக்குப் போகும். அங்கே தீராவிட்டால், 2017 ஏப்ரலில் செயல்படத் தொடங்கிய வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு. கோரிக்கையின் உச்சவரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்கத்தின் துணையோடு முத்தரப்புச் சமரச முறையில் வந்தால் 30,000 வெள்ளி. மன்றத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை. ஊழியர் தம் தாள்களோடு தாமே நிற்க வேண்டும். வேலையில் இருப்பவர் சம்பளம் தர வேண்டியிருந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் போக வேண்டும். முன்வந்து செய்தும் பதவி உயர்வு தரவில்லை என்ற மனக்குறை சம்பளக் கோரிக்கையில் சேராது. முதலாளி கேட்டுச் செய்த ஒரு மணி நேரத்துக்குரிய 17.31 வெள்ளி சேரும், யார் கேட்டது என்பதைக் காட்டும் மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ கையில் இருந்தால்.